என் வீட்டுக்காரரின் வலது கை

என் வீட்டுக்காரர் பெயர் விஜயபாண்டி. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில், பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் தறி மெக்கானிக். அதே கம்பெனியில் நான் ஆறு தறி ஓட்டுகிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வார்கள். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தல் போடும்போதே போய் நிற்பார். தறி மக்கர் செய்தால் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். “உனக்கென்னம்மா, தங்கமான மனுசன்” என்று என்னிடம் சொல்லாத பெண் கம்பெனியில் கிடையாது. அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோர் மேலும் எனக்கு எரிச்சல்தான் வரும். என் வீட்டுத் தங்கத்தை இவர்கள் ஏன் உரசிப் பார்க்கிறார்கள்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. கல்யாண வீட்டில் அவர் பந்தி பரிமாறினால், எந்த இலையில் இரண்டாவது கரண்டி சாம்பார் ஊற்றினார் என்று பார்த்து வைத்திருப்பேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பையன் விமல் கோவில்பட்டியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். இன்னமும் அந்தப் புத்தி எனக்குப் போகவில்லை. என் பிறந்த ஊர் தேவதானம். எங்கள் வீட்டில் ஆண்கள் பாதிப் பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். பெண்கள் வயலையும் பார்த்துக்கொண்டு, வருகிற கடுதாசியையும் மோந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பேன்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மாற ஆரம்பித்தார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பேச்சுதான் குறைந்தது. குளிக்கப் போகும்போது போனும் கூடவே போனது. சாப்பிடும்போது சட்டைப் பைக்குள் அது லேசாக உறுமினால் போதும், வலது கையில் சோறு ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் அந்தக் கை பைக்குப் போகும். என் பக்கம் திரும்பிப் படுத்தே மாதக்கணக்கு ஆகிவிட்டது. அதோடு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் “அய்யனார் கோவிலுக்குப் போயிட்டு வாரேன்” என்று கிளம்பிவிடுவார். சாமி பேரைச் சொல்லி வருடத்துக்கு ஒரு தடவை கூடப் போகாத மனுஷன் வாராவாரம் போனால், எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்?

நான் ஒருத்தியைத் தேடினேன். கம்பெனியில் பேக்கிங் பக்கம் ஃபாயிஸா என்று ஒரு சூப்பர்வைசர் இருக்கிறாள். முப்பத்தைந்து வயது, எடுப்பான முகம், யாரிடமும் தலை நிமிர்ந்து பேசுவாள். அது போதுமே எனக்கு. ஒரு நாள் டீ நேரத்தில் அவள் முன்னால் போய் நின்றேன்.

“எங்க வீட்டுக்காரருகிட்ட உனக்கு என்ன பேச்சு?” என்றேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். “அக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னைக்கு வரைக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனதே இல்ல. மெஷினுக்கு என்னன்னு கேட்டாக்கூட போனைப் பாத்துக்கிட்டேதான் பதில் சொல்வாரு. நீங்க தேடுற ஆளு அதுக்குள்ள இருக்கான்னு பாருங்க” என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப் பொறுமையாகச் சொன்னதில் எனக்கு முகம் செத்துப் போனது.

அடுத்த ஞாயிறு அவர் வண்டியை எடுத்ததும், நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனேன். மாந்தோப்புகளைத் தாண்டி மலை அடிவாரத்தில் இறங்கி, ஆற்றோரமாக நடந்தேன். அய்யனார் கோவில் அருவிக்குக் கீழே ஒரு பாறையில் அவர் உட்கார்ந்திருந்தார். தனியாக. போன் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. அக்கம்பக்கம் புதர் எல்லாம் பார்த்தேன். ஒருத்தியும் இல்லை. குளிக்க வந்த கூட்டம் தள்ளி ஆரவாரம் பண்ணிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. “வந்துட்டியா” என்றார், நான் வருவேன் என்று தெரிந்தவர் மாதிரி.

“யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?”

“யாருக்காகவும் இல்ல. இங்கன டவர் கெடைக்காது. அதான் வாரேன்.”

பிறகு சொன்னார். தலையைத் தூக்காமல், தறியில் என்ன கோளாறு என்று முதலாளியிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார். போனில் அந்தப் படங்கள் பார்க்கிறாராம். இரண்டு வருடமாகவாம்.

“பாக்கணும்னு நெனச்சு எடுக்கதில்ல கல்பனா. நெனைக்கதுக்கு முந்தியே கை போயிருது. செய்தி படிச்சுக்கிட்டு இருப்பேன், ஓரத்துல ஒரு பொம்பளப் படம் வரும். பெருவிரல் அமுக்கிரும். நான் பாக்கேன்கிறதே பொறவுதான் எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் போயிருக்கும்.”

“பாத்தா அம்புட்டு சந்தோசமாக்கும்?”

“சந்தோசமெல்லாம் மொத வருசத்தோட போச்சு. போன வாரம் ஒன் தறிக்குப் பக்கத்துத் தறியில ஒரு கைய உள்ள விட்டுக்கிட்டு, மறு கையில போன் பாத்திருக்கேன். அந்தத் தறிக்காரி வெள்ளைத்தாய் தெரியாம ஓட்டியிருந்தா என் கை போயிருக்கும். எனக்கே பயமா இருக்கு.”

அவர் பயம் எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்தி என்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம். இது ஆயிரம் பேர். எவளுக்கும் என்னைத் தெரியாது, என் வீட்டுக்காரரையும் தெரியாது. யாரோடு போய்ச் சண்டை போடுவது? என் தலையில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். நாற்பத்து மூன்று வயது. நின்று நின்று வீங்கிய கால். அந்த ஆயிரம் பேரில் ஒருத்திக்காவது கால் வீங்கியிருக்குமா?

“எங்கண்ணன் தீபாவளிக்கு லீவுல வாராரு” என்றேன். என் அண்ணன் மலைச்சாமி ராணுவத்தில் இருக்கிறார். “அதுக்குள்ள இதை விட்டுத் தொலைங்க. இல்லைன்னா அவரு கூட தேவதானத்துக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆல்வின் என்று ஒரு மனநல ஆலோசகர் இருப்பதாகச் சொன்னது ஃபாயிஸாதான். அவள் தம்பி அங்கே போய்த்தான் சிகரெட்டை விட்டானாம். இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அப்போதும் எனக்கு மூக்கு வியர்த்தது. ஆனாலும் போனோம். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து நாலு மணி பஸ்ஸில் ஏறினால் ஐந்துக்குள் அங்கே இருக்கலாம்.

ஆல்வின் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சின்ன வயதுதான். மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் ஒரு கைப்பிடி, பையன்கள் விளையாடுவதற்கு வைத்திருப்பார்களே, அது மாதிரி. திரையில் படம் வருமாம். நெட்டுக்குத்தாக நிற்கிற படம் என்றால் கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். படுக்கை வாட்டத்தில் வந்தால் முன்னால் தள்ள வேண்டும். இழுத்தால் படம் பெரிதாகிக் கிட்டே வரும். தள்ளினால் சுருங்கி மறைந்துவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை, வாட்டத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார்.

“என்ன படம் சார் வரும்?” என்று கேட்டேன்.

“குடம், நாற்காலி, குடை, இந்த மாதிரி. நடுவுல பொம்பளைங்க படமும் வரும்க்கா. மோசமா ஒண்ணும் இருக்காது.”

“அந்த எழவை விடத்தானே இங்க கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்களும் அதையே காட்டுறீங்களா? அப்ப நானும் உள்ளதான் இருப்பேன்” என்றேன். என் வீட்டுக்காரர் சரி என்றதும், ஆல்வின் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

ஆரம்பித்தது. குடம், தள்ளினார். குடை, இழுத்தார். நாற்காலி, தள்ளினார். பிறகு நீச்சல் உடுப்பில் ஒருத்தி, படுக்கை வாட்டத்தில் வந்தாள். தள்ள வேண்டும். அவர் கை ஒரு வெட்டு வெட்டித் தன் பக்கம் வந்தது. வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்து, திருப்பித் தள்ளினார். அடுத்தது புடவையில் ஒருத்தி. அப்போதும் அதேதான். அவள் கிட்டே வந்து பெரிதாகிச் சிரித்துவிட்டுப் பிறகு போனாள். மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று பட்டது. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

“சார், நிப்பாட்டுங்க. இவிய தறி மெக்கானிக். எங்க தறியில கைப்பிடியத் தள்ளுனா ஓடும், இழுத்தா நிக்கும். இழை அறுந்தாலும் சரி, குறுக்க நூல் கொண்டு ஓடுற நாடா சிக்குனாலும் சரி, யோசிக்கதுக்கு முந்தி கை இழுத்துரும். எனக்கும் அப்படித்தான் இழுக்கும். இருபது வருசப் பழக்கம். அதை வச்சு இவியளைத் தப்பா எடை போடாதீங்க” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு வருடத்தில் என் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

ஆல்வின் சிரிக்கவில்லை. நல்ல சந்தேகம் என்று சொல்லி ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கணக்கைத் திரையில் காட்டினார். “நீங்க சொல்றது நியாயம்க்கா. ஆனா தறியில பழகுன கைன்னா குடத்தையும் அப்படித்தானே இழுத்திருக்கணும்? குடம், நாற்காலி எல்லாத்துக்கும் தள்ளுறதுக்கும் இழுக்கிறதுக்கும் ஒரே நேரம்தான் ஆகுது. பொம்பளைங்க படத்துக்கு மட்டும் கை இழுக்கத்தான் முந்துது. தள்ள நேரம் ஆகுது, தப்பும் வருது.”

குடத்துக்கு ஒரு நியாயம், அவளுகளுக்கு ஒரு நியாயம். ஒரு நிமிடம் அவருக்காகப் பேசினேன். அந்த ஒரு நிமிடமும் வீணாய்ப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாரம் ஒரு தடவை அங்கே போய், அந்தப் படங்கள் வரும்போதெல்லாம் தள்ளித் தள்ளிப் பழக வேண்டும் என்றார் ஆல்வின். சிலருக்கு இது உதவும், சிலருக்கு அவ்வளவாக உதவாது, இது மட்டும் போதாது என்றும் சொன்னார். கூடவே பேச வேண்டும், போன் கையில் இருக்கக் கூடாது. அதனால் அவருடைய போனை நான் வாங்கி எனக்கு வைத்துக்கொண்டேன். அவர் என்னுடைய பழைய பட்டன் போனுக்கு மாறினார். அவர் ஒரு வாரம் கூடத் தவறவில்லை. காய்ச்சலோடு ஒரு வியாழன் வந்தார். மூன்றாவது வாரம் பாதித் தப்பு குறைந்திருந்தது. ஐந்தாவது வாரம் ஆல்வின் முகமே மலர்ந்துவிட்டது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாரம் ஒரு மணி நேரம் இந்த மனுஷன் அவளுகளோடு உட்கார்ந்திருக்கிறார். வியர்க்க விறுவிறுக்க அவளுகளுக்காகப் பாடுபடுகிறார். தள்ளுகிறதோ இழுக்கிறதோ, எல்லாம் அவளுகளைத்தானே? எனக்காக ஒரு மணி நேரம் எங்கே உட்கார்ந்தார்?

அவர் போன் இப்போது என் சாப்பாட்டுப் பையில். எனக்குத் தெரியாமல் தொட்டிருக்கிறாரா என்று பார்க்கத்தான் முதலில் எடுத்தேன். அவர் குளிக்கப் போனால் எடுத்துப் பார்ப்பேன். அவர் கடைக்குப் போனால் எடுத்துப் பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. பிறகு பழையதைப் பார்ப்பேன். எவளைப் பார்த்தார், எந்தத் தேதியில் பார்த்தார், அன்றைக்கு நான் என்ன சமைத்தேன் என்று யோசிப்பேன். இடுப்பு இப்படி இருந்தால்தான் பிடிக்குமா, முடி இப்படி வெட்டினால்தான் பிடிக்குமா என்று ஒவ்வொருத்தியாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அந்த ஐந்து வாரத்தில் அவரைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். பார்த்தால் வயிறு எரியும். எரிந்தாலும் பார்ப்பேன்.

ஒரு நாள் தறி ஓடும்போதே பையில் கை விட்டு நின்றிருக்கிறேன்.

“ஏட்டி கல்பனா, நாலாம் தறியில ஊடை இல்லாம ஓடுது பாரு” என்று வெள்ளைத்தாய் கத்தினாள். பக்கத்துத் தறிக்காரி அவள். குறுக்கு நூலே விழாமல் தறி சும்மா அடித்துக்கொண்டிருந்தது. இருபது வருடத்தில் என் தறியில் அப்படி நடந்ததில்லை. நூல் அறுந்ததும் தானாகப் போகிற என் கை அன்றைக்குப் போகவில்லை.

அந்த வாரம் ஆல்வின் என்னிடம், “அக்கா, நீங்க அந்த போனை எப்பவாவது எடுத்துப் பாக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“எப்பவாச்சும், ஒண்ணு ரெண்டு தடவை” என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. வருகிற சனிக்கிழமை அண்ணன் வருகிறார். விஷயத்தை அவரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டியிருந்தது. ஆல்வினுடைய கணக்கெல்லாம் எனக்குப் போதவில்லை. குடத்தையும் குடையையும் பார்த்தது போதும், என்னை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அவர் கறி வாங்கப் போயிருந்தார். நான் தலைக்குக் குளித்துப் பஞ்செல்லாம் போக அலசி, விமல் வாங்கிக் கொடுத்த மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டினேன். இரண்டு முழம் பிச்சிப்பூ வைத்துக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் போனை வைத்தேன். அவர் அதிகம் பார்த்தவள் எவள் என்று எனக்குத்தான் அத்துப்படியாயிற்றே. அவளைத் திறந்து, திரை அணையாமல் வைத்தேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கை எங்கே வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆல்வினிடம் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

அவர் வந்தார். இடது கையில் கறிப்பை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். முகம் விரிந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். கட்டில் பக்கம் வந்தார். வந்தவர் கண் திரையில் விழுந்தது.

வலது கை போனுக்குப் போனது.

எவ்வளவு வேகம் என்கிறீர்கள்! நான் மூச்சு விடுவதற்குள் போய்விட்டது. விரல் போன் மேலே பட்டது. ஒரு நொடியோ இரண்டு நொடியோ அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு உள்ளங்கையை விரித்து, கைப்பிடியைத் தள்ளுகிற மாதிரியே ஒரு தள்ளு தள்ளினார். போன் கட்டிலின் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இடது கையில் கறிப்பை அப்படியே இருந்தது. மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பவில்லை.

“இப்பத்தைக்கு என்னால இம்புட்டுத்தான் ஏலும்” என்றார்.

பதில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என் மடியைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். போன் என் கையில் இருந்தது. எப்போது குனிந்தேன், எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பெருவிரல் திரையைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் விரல் பட்டதில் எவளாவது திறந்திருக்கிறாளா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

“கல்பனா,” என்றார். கோபம் இல்லை. தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிற குரல்தான். “நான் தள்ளிட்டேன். நீ எடுத்துட்ட.”

சனிக்கிழமை அண்ணன் மலைச்சாமி வந்தார். பெட்டி கட்டியாச்சா என்று கேட்டார். கட்டவில்லை, வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருக்கிறது என்றேன். மாப்பிள்ளைக்கு இன்னும் சரியாகவில்லையா என்றார்.

“அவியளுக்கு இல்ல” என்றேன். “இந்த வாட்டி எனக்குச் சீட்டுப் போட்டிருக்கு.”